ஒரு அவுட் என்றால் ஒரு சாவு: 'ஜிகோகு கோஷியென்' படத்தின் பின்னணி

ஜப்பானியச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் 'ஒரு சாவு, மூன்றாம் பேஸில் ஓட்டக்காரர்' என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அங்கே யாரும் பதறுவதில்லை. பேஸ்பாலில் ஒருவர் அவுட் ஆகிவிட்டார், அவ்வளவுதான் செய்தி. முதல் அவுட் 'இஷ்ஷி', அதாவது ஒரு சாவு. இரண்டாவது 'நிஷி', இரண்டு சாவு. பந்தைப் பிடித்து ஓட்டக்காரரை அவுட் ஆக்குவதற்கு 'ஷிசாட்சு' என்று பெயர். எழுத்துப்படி பார்த்தால் குத்திக் கொல்வது. அதற்குப் பந்தெறிந்து உதவியவர் கணக்கில் 'ஹோசாட்சு' ஏறும், கொலைக்குத் துணைபோனது என்று பொருள். ஒரே வீச்சில் இருவர் போனால் 'ஹெய்சாட்சு', இரட்டைக் கொலை. ஓட்டக்காரர் சுற்றி வந்து சேர வேண்டிய ஹோம் பேஸுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒருவர் அவுட் ஆனால் 'ஃபுன்ஷி', ஆத்திரத்தில் செத்தார் என்று எழுதுவார்கள்.

நம் விளையாட்டுப் பக்கங்களிலும் பௌலர் எதிரணியைச் சுருட்டுகிறார், ஊதித் தள்ளுகிறார். ஆனால் அதிகாரபூர்வ ஸ்கோர் கணக்கின் கலைச்சொற்களே கொலையாக இருப்பது ஜப்பானிய பேஸ்பாலின் வழக்கம். 2003இல் வெளிவந்த 'ஜிகோகு கோஷியென்' என்ற சிறு பட்ஜெட் திகில் நகைச்சுவைப் படத்துக்கு இந்த வழக்கே விதை. வெளிநாடுகளில் அது 'பேட்டில்ஃபீல்ட் பேஸ்பால்' என்ற பெயரில் போனது. ஜப்பானியத் தலைப்புக்கு 'நரகக் கோஷியென்' என்று பொருள்; கோஷியென் என்பது உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி நடக்கும் மைதானம், அந்தப் போட்டிக்கும் அதுவே பெயர். பேஸ்பாலைக் கிண்டல் செய்யும் ஜோம்பி படம் என்று ஒரே வரியில் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் பாதிப் படம் கையை விட்டுப் போய்விடும். அந்த விளையாட்டைச் சுற்றி ஜப்பானில் எல்லோரும் பேசும் பேச்சை வார்த்தை வார்த்தையாக நம்பிவிடும் படம் இது. 'உயிரைக் கொடுத்து ஆடு' என்று சொன்னால், இங்கே உயிர் போய்விடுகிறது.

இயக்கியவர் யூடாய் யமாகுச்சி. ரியுஹெய் கிதமுரா 2000இல் எடுத்த 'வெர்சஸ்' படத்தின் திரைக்கதையில் பங்குகொண்டவர். அதில் நாயகனாக வந்த டாக் சகாகுச்சிதான் இதிலும் நாயகன், கிதமுரா தயாரிப்பாளர். ஒரு கூட்டாளிக் குழு தங்களுக்குள்ளேயே பொறுப்புகளை மாற்றிப் போட்டுக்கொண்டு எடுத்த படம் என்று சொல்லலாம். மூலக்கதை மான் கதாரோ 1990களின் நடுவில் வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. அசிங்கத்தையும் அபத்தத்தையும் கூச்சமில்லாமல் நீட்டிக்கொண்டே போவது அவர் பாணி. 2003இல் ஹொக்கைடோவின் யூபாரி ஃபென்டாஸ்டிக் திரைப்பட விழாவில் படம் பரிசு பெற்றது.

கதை சின்னது. செய்தோ உயர்நிலைப் பள்ளியின் முதல்வருக்குக் கோஷியென் கோப்பை வேண்டும். குறுக்கே நிற்கிறது கெதோ உயர்நிலைப் பள்ளி அணி. பிணம்போல் வெளிறிய முகமும் கையில் ஆயுதமுமாக வந்து எதிரணியைக் கொன்றே வெல்பவர்கள். 'கெதோ' என்ற சொல்லுக்கே வழி தவறியவன் என்று பொருள். பௌத்தத்தில் மாற்று நெறியினரைக் குறித்த சொல், பின்னாளில் வசைச்சொல்லாகிவிட்டது. இந்த நேரத்தில் செய்தோவுக்கு ஒரு புது மாணவன் வந்து சேர்கிறான். சண்டையில் சூரன், பந்தெறிந்தால் எமன், ஆனால் பேஸ்பாலை இனித் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்தவன். பெயர் யாக்யூ ஜுபெய்.

இந்தப் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். எடோ காலத்தில் வாழ்ந்து, பின்னர் எத்தனையோ கதைகளிலும் படங்களிலும் ஒற்றைக்கண் வீரனாக வந்த வாள்வித்தைக்காரர் யாகியூ (Yagyu) ஜுபெய் ஜப்பானில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். அவர் குடும்பப் பெயரில் நடுவே வருவது 'கியூ' (gyu) என்ற மெல்லோசை. அதைக் கொஞ்சம் வல்லோசையாக்கினால் 'யாக்யூ' (yakyu), அதாவது பேஸ்பால். 1894இல் சூமா கனாயே என்பவர் உருவாக்கிய சொல் அது. கவிஞர் மசவோகா ஷிகியும் பந்தடிப்பவர், ஓட்டக்காரர் போன்றவற்றுக்கு ஜப்பானியச் சொற்களைக் கண்டவர். அந்தத் தொண்டுக்காகவே 2002இல் அவரை பேஸ்பால் மாவீரர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். ஆக, நாயகனின் பெயரைச் சொன்ன உடனேயே இரண்டு செய்திகள் பார்வையாளருக்குப் போய்விடுகின்றன: இவன் சாமுராய், இவனே பேஸ்பால். ஒரு காசு செலவில்லை. சப்டைட்டிலில் வெறும் ஜுபெய் என்று வரும்போது இந்த நகைச்சுவை அப்படியே செத்துப்போகிறது.

இனி கோஷியென். அந்தப் புனிதம் புரியாமல் இந்தப் படத்தின் தைரியம் புரியாது.

ஹியோகோ மாநிலம் நிஷினோமியா நகரில் 1924 ஆகஸ்ட் 1 அன்று திறந்த மைதானம் அது. 1915இல் தொடங்கிய கோடைக்கால உயர்நிலைப் பள்ளிப் போட்டி அந்த ஆண்டே அங்கு குடிபெயர்ந்தது. மாநிலத்துக்கு ஓர் அணி, டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் இரண்டிரண்டு, மொத்தம் 49. முழுக்க நாக்அவுட் முறை. ஒருமுறை தோற்றால் அத்தோடு சரி. மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு அதுவே பள்ளி வாழ்வின் கடைசி ஆட்டம். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் சைரன் ஒலிக்கும். தோற்ற பையன்கள் மண்டியிட்டு மைதான மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அழுதபடி போவார்கள். 1958இல் ஓகினாவாவின் ஷுரி பள்ளி மாணவர்கள் கொண்டுபோன மண், அப்போது ஓகினாவாவை ஆண்ட அமெரிக்க நிர்வாகத்தின் தாவரத் தடுப்பு விதிப்படி கடலில் கொட்டப்பட்டது. இன்றும் ஜப்பானில் அதை நினைத்து வருந்துபவர்கள் உண்டு.

உடலை வருத்துவதில் மங்காவுக்கும் நிஜத்துக்கும் அங்கே இடைவெளி குறைவு. 1998 ஆகஸ்ட் 20 அன்று காலிறுதியில் யோகோஹாமா பள்ளியின் தைசுகே மட்சுசாகா, பிஎல் ககுவென் அணிக்கு எதிராக 17 இன்னிங்ஸ் தனியாளாக எறிந்தார், மொத்தம் 250 பந்துகள். அதற்கு முந்தைய நாளும் ஒரு முழு ஆட்டம் எறிந்திருந்தார். ஒருநாள் விட்டு 22ஆம் தேதி இறுதிப் போட்டியில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. நாடே கொண்டாடியது. ஒரு பிட்சர், அதாவது பந்தெறிபவர், வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் எறியக்கூடாது என்ற வரம்பு 2020இல்தான் வந்தது. 'ஜிகோகு கோஷியென்' வந்தபோது அந்த வரம்பு கிடையாது. பதினேழு வயதுப் பையன் தோள் கிழிய எறிவதை அழகு என்று நாடு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், தோளோடு தலையும் போகும் ஆட்டம் ஒன்றை யமாகுச்சி அதே உணர்ச்சிப் பெருக்கோடு காட்டினார். அதே கண்ணீர், அதே நட்பு, அதே சபதம். அளவு மட்டும் கூடியிருக்கிறது.

ஜுபெய் ஏன் பேஸ்பாலை விட்டான்? சிறுவயதில் தன் அதிவேகப் பந்தால் தகப்பனையே கொன்றுவிட்டான். 'சூப்பர் டொர்னாடோ' என்று அந்தப் பந்துக்குப் பெயர். முதுகைப் பேட்டருக்குக் காட்டும் அளவுக்கு உடலைச் சுழற்றி எறிந்த ஹிடியோ நோமோவை ஜப்பானே 'டொர்னாடோ' என்றுதான் அழைத்தது. அவர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனது 1995இல். அப்பா விஷயத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1966இல் தொடங்கிய 'கியோஜின் நோ ஹோஷி' மங்காவில் தந்தை, மகனின் உடம்பில் ஸ்பிரிங்குகளால் ஆன கவசத்தை மாட்டி இரவும் பகலும் பழக்குவார். அந்த மகன் மாயப் பந்து ஒன்றைக் கண்டுபிடிப்பான். ஒரு தலைமுறையே அந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தது. 2012இல் அதே கதை கிரிக்கெட்டாக மாறி 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்' என்ற இந்தி அனிமேஷன் தொடராக இந்தியாவுக்கும் வந்தது. மகனைக் கசக்கிப் பிழியும் அப்பாவின் கதை எங்கே போய் முடியும் என்ற கேள்விக்கு 'ஜிகோகு கோஷியென்' ஒரே பந்தில் பதில் சொல்கிறது. அந்தத் துக்கத்தை ஜுபெய் பாட்டாகவே பாடுகிறான். சகாகுச்சி அதை உருகித்தான் பாடுகிறார், கண்ணடித்துக்கொண்டு பாடவில்லை. படத்தின் தரம் அந்த உருக்கத்தில் இருக்கிறது.

பணமில்லாத திகில் படத்துக்கு விளையாட்டு ஒரு வரம். சீருடை இருப்பதால் உடையலங்காரச் செலவு குறைகிறது. எண் போட்ட முதுகு இருப்பதால் யார் செத்தார், யார் மிச்சம் என்று பார்வையாளர் தானாகவே எண்ணிக்கொள்கிறார். மட்டை, பந்து, கேட்சரின் முகக்கவசம், ஆணி பதித்த காலணி எல்லாமே பார்த்த உடன் பயன் தெரிகிற ஆயுதங்கள், விளக்க ஒரு வசனம் வேண்டாம். பெரிய செலவு மைதானமும் கூட்டமும்தான். சுமார் 47,000 பேர் அமரும் கோஷியெனை வாடகைக்கு எடுத்து நிரப்ப எந்தச் சிறு படத்தாலும் முடியாது. இந்தப் படம் கோஷியெனுக்குப் போகும் வழியிலேயே நின்றுவிடுகிறது. நிஜத்திலும் மாநிலத் தகுதிச் சுற்றின் தொடக்க ஆட்டங்கள் ஊர் மைதானங்களில், காலி இருக்கைகளுக்கு முன்னால்தான் நடக்கும். அதனால் வெறிச்சோடிய திடல் இங்கே பொய்யாகத் தெரிவதில்லை.

பந்தெறியும் காட்சி எப்படி உருவாகிறது என்று பார்த்தால் சிக்கனம் புரியும். பிட்சரின் தட்டிலிருந்து ஹோம் பேஸுக்கு 18.44 மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் பந்து ஏறக்குறைய அரை நொடியில் போய்விடும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது சுமார் 12, 13 ஃபிரேம். ஒரே ஷாட்டில் காட்டினால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. ஆகவே மூன்றாக உடைக்கிறார்கள்: கை விடுவிப்பு, தனியாகப் பந்து, பேட்டரின் முகம். பிட்சரும் பேட்டரும் ஒரே நாளில் செட்டில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தவறு நடக்கும் இடம் திசை. பிட்சரையும், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் கேமரா நிற்க வேண்டும். ஒரு ஷாட் அந்தப் பக்கம் தாவினாலும் பந்து வந்த வழியே திரும்புவதுபோல் தெரியும், சிரிப்பு வர வேண்டிய இடத்தில் குழப்பம் வரும். பேட்டர் இடக்கையரானால் அவர் பார்வைத் திசையும் மாறிவிடும். அதைக் குறித்துவைக்காமல் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் திணறிய அறிமுகப் படங்கள் நிறைய.

முகத்தில் பந்து மோதுவதை எடுக்கப் பழைய வழி ஒன்று உண்டு. நிஜப் பந்து 142 முதல் 149 கிராம் வரை எடையுள்ளது, கல் மாதிரி இருக்கும், அதை யார் முகத்தை நோக்கியும் எறியக் கூடாது. நுரைப் பந்துக்கு வெள்ளை பூசிச் சிவப்பு நூலில் தையல் வரைந்து, மெல்லிய தூண்டில் நரம்பைக் கோத்து, நடிகரின் கன்னத்தில் அழுத்தி வைக்க வேண்டும். கேமரா ஓடும்போது நரம்பைச் சுண்டிப் பந்தைப் பறித்துவிட்டு, எடிட்டிங்கில் அந்தத் துண்டைப் பின்னோக்கி ஓட்டினால் பந்து வந்து கன்னத்தில் புதைவதுபோல் இருக்கும். நடிகர் தலையசைவையும் தலைகீழாகச் செய்ய வேண்டும், முதலில் தலை திரும்பிய நிலை, பிறகு நேர். காட்டிக்கொடுப்பது சின்ன விஷயங்கள்: பின்னணியில் எழும்பிய புழுதி மண்ணுக்குள் திரும்பிப் போகும், கண் சிமிட்டல் விசித்திரமாகத் தெரியும். எட்டு முதல் பத்து ஃபிரேமுக்கு மேல் அந்தத் துண்டை வைத்திருக்கக் கூடாது.

மட்டைக்கு வேறு பிரச்சினை. ஜப்பானியப் பள்ளிகளில் உலோக மட்டை 1974இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, 2001 முதல் குறைந்தபட்ச எடை 900 கிராம். சண்டைக் காட்சிக்கு நுரையில் வார்த்து வெள்ளி வண்ணம் அடித்த மட்டை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. லேசான பொருளை மனிதக் கை லேசாகத்தான் தூக்கும். பொய் என்பது மணிக்கட்டில் தெரிந்துவிடும். தேர்ந்த சண்டைக்காரர் வீச்சின் தொடக்கத்தை வேண்டுமென்றே மெதுவாக்குவார், இடுப்பு முதலில் திரும்பும், கை பிறகு வரும். அடி விழும் இடத்துக்கும் உடம்புக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, அடிபடுபவரின் முதுகுப் பக்கம் கேமரா வைத்தால் அந்த இடைவெளி மறைந்துவிடும். மீதியை ஒலி பார்த்துக்கொள்ளும். கோஷியெனைத் தொலைக்காட்சியில் கேட்டு வளர்ந்த ஜப்பானியருக்கு உலோக மட்டையின் 'கீன்' என்ற ஓசை கோடை விடுமுறையின் ஓசை. மண்டையில் விழும் அடிக்கு அதே ஓசையைக் கொடுத்தால், பாதித் திகில் பாதிச் சிரிப்பு இரண்டும் ஒரே நொடியில் கிளம்பும்.

ரத்தம் சோளப்பாகில்தான். ஒரு லிட்டர் வெள்ளைப் பாகு, 100 மில்லி தண்ணீர், 50 முதல் 60 மில்லி சிவப்பு உணவு நிறம், கரண்டி முனையளவு கோகோ தூள் என்பது கைக்கு அடங்கிய அளவு. கோகோ இல்லாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி மினுங்கும். பேஸ்பால் சீருடை பெரும்பாலும் பாலியெஸ்டர். பாகு அதன்மேல் ஊறாமல் முத்துமுத்தாக வழிந்துவிடும். ஹாலிவுட்டின் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் தன் புகழ்பெற்ற கலவையில் புகைப்படச் சுருளைக் கழுவும் ஃபோட்டோ-ஃப்ளோ திரவத்தைச் சேர்த்தது இதற்காகத்தான், அது திரவத்தைத் துணியில் பரவச் செய்யும். ஆனால் அது விஷம், வாயருகே கொண்டுபோகக் கூடாது. ஆகவே வாயிலிருந்து வடிவதற்கு ஒரு பானை, துணிக்கு ஒரு பானை என்று தனித்தனியாகக் கலந்து பெயர் எழுதி ஒட்டுவது கட்டாயம். துணிப் பானையில் சில துளி பாத்திரம் துலக்கும் திரவம் போதும். ஒரு கொலைக்கு ஒரே சீருடை மூன்று ஜோடியாவது வேண்டும். முதல் டேக் பாழானால் வெள்ளைத் துணியை அங்கேயே அலசி உலர்த்த நேரம் இருக்காது.

மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். கோஷியென் உள்வட்டம் கரிய மண்ணும் மணலும் கலந்தது. மழை அதிகமுள்ள வசந்தத்துக்கு மணலைக் கூட்டுவார்கள். கோடையில் வெள்ளைப் பந்து தெளிவாகத் தெரியக் கரிய மண்ணைக் கூட்டுவார்கள். அதே கருமையில் ரத்தம் விழுந்தால் தண்ணீர் கொட்டியதுபோல் இருக்கும், சிவப்பே தெரியாது. எனவே இந்த வகைப் படங்களில் ரத்தம் மண்ணைவிடச் சுண்ணாம்புக் கோட்டிலும் பேஸின் வெள்ளைத் தட்டிலும் தெறிக்கும்படி வைப்பார்கள். 2003 வாக்கில் சிறு படங்கள் பலவற்றுக்குக் கைகொடுத்த DV என்ற டிஜிட்டல் வீடியோவில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஜப்பான், அமெரிக்க முறையில் அது நான்கு புள்ளி ஒளிக்கு ஒரு புள்ளி நிறம் என்றுதான் பதிவு செய்யும். அடர்ந்த சிவப்பின் ஓரங்கள் கசிந்து பக்கத்து நிறத்தில் ஏறும். கலவையைச் சற்றுப் பழுப்பாக்கினால் கசிவு குறையும்.

குறை இல்லாத படம் அல்ல. பேஸ்பால் படம் என்று உட்கார்ந்தவர்களின் முதல் புகார் சரியானது: இதில் பேஸ்பால் ஆட்டமே கொஞ்சம்தான். இன்னிங்ஸ் இன்னிங்ஸாக ஸ்கோர் ஏறி இறங்கும் பதற்றத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம் நிச்சயம். கொலைகளுக்கு இலக்கணம் கொடுக்க வேண்டியது விளையாட்டின் விதி. மூன்று ஸ்டிரைக், மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸ் என்ற சட்டகம் இருந்தால்தான் அதை மீறும்போது சிரிப்பு வரும். படம் அந்தச் சட்டகத்தைச் சீக்கிரமே கைவிட்டு வெறும் கைச்சண்டைக்கு இறங்கும் பகுதிகளில் தொய்கிறது. செத்தவர்கள் எழுந்து வருவது முதல்முறை மகிழ்ச்சி, பிறகு பிறகு சாவுக்கே எடை குறைகிறது. சகாகுச்சி பிறந்தது 1975இல். ஏறக்குறைய 28 வயதில் பள்ளி மாணவனாக வருகிறார். இதைக் குறை என்பவர்களோடு உடன்பட முடியாது. மங்காக்களின் பள்ளி மாணவர்கள் முப்பது வயது முகத்தோடுதான் வரையப்படுவார்கள், அதைப் படம் அப்படியே எடுத்துக்கொண்டது.

மற்ற நாடுகளின் உறவினர்களோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். 1989இன் அமெரிக்கப் படம் 'பிளேட்ஸ்' கோல்ஃப் மைதானத்தில் கொலைகாரப் புல்வெட்டியை விட்டு, பழைய சுறாமீன் படத்தை நையாண்டி செய்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 2008இல் வந்த 'ஐ நோ ஹவ் மெனி ரன்ஸ் யூ ஸ்கோர்ட் லாஸ்ட் சம்மர்' கூராக்கிய ஸ்டம்ப்போடு கிரிக்கெட் வெள்ளுடையில் கொலைகாரனைக் கொண்டுவந்தது. பிரான்சின் 'கோல் ஆஃப் த டெட்' 2014இல் கால்பந்து ஆட்டத்தைப்போல் இரண்டு பாதியாகப் பிரிந்து, பாதிக்கு ஓர் இயக்குநர் என்று எடுக்கப்பட்டது. இவற்றில் முதல் இரண்டும் வேறு திகில் படங்களைத் தெரிந்தால்தான் சிரிக்க வைக்கும். 'ஜிகோகு கோஷியென்' சினிமாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தன் நாட்டு விளையாட்டு மொழியைப் பார்த்துச் சிரிக்கிறது. அதனாலேயே வெளியே போகப் போக அதற்கு வெளிச்சம் குறைந்தது.

2011இல் யமாகுச்சியும் சகாகுச்சியும் அதே ஜுபெய் பெயரோடு திரும்பி வந்தார்கள். நிக்கட்சு நிறுவனத்தின் சுஷி டைஃபூன் பிரிவுக்காக எடுத்த படம், வெளிநாட்டு ரசிகர்களையும் மனத்தில் வைத்தது. களம் சிறார் சிறை, ரத்தம் பல மடங்கு, அப்பாவைக் கொல்லும் பந்து இதிலும் உண்டு. தலைப்பு 'டெட்பால்'. ஆங்கில பேஸ்பால் விதியில் அது ஆட்டத்தில் இல்லாத பந்தைக் குறிக்கும். ஜப்பானில் பேட்டரின் உடம்பில் படும் பந்துக்குத்தான் டெட்பால் என்று பெயர். எழுத்தில் அது 'ஷிக்யூ', சாவுப் பந்து. நான்கு தவறான பந்துகளால் இலவசமாகப் பேஸுக்கு நடப்பதும் 'ஷிக்யூ'தான், அது நாலு பந்து. நான்குக்கும் சாவுக்கும் ஜப்பானியத்தில் ஒரே ஒலி 'ஷி'. காதால் பிரித்தறிய முடியாது என்பதால்தான் வர்ணனையாளர்கள் ஒன்றை 'ஃபோர்பால்' என்றும் மற்றதை 'டெட்பால்' என்றும் ஆங்கில ஒலியில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கும் விதி ஒன்றே: பேட்டர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போகலாம்.